பேசாத பிள்ளைகளும் பேசும் கருவிகளும்

(கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு விநோதமாகத் தோன்றலாம். வழக்கமாக இம்மாதிரி மேடைகளில் சாமியைப் பற்றியும், சடங்கைப் பற்றியும், சோதிடத்தைப் பற்றியும் பேசுவது உண்டு. இன்று பேச்சு வராத சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். அதிலே சாமியும் சடங்கும் தாமாகவே வந்து சேரும். நாம் கூப்பிட வேண்டியதில்லை.

ஆட்டிசம் என்று டாக்டர்கள் சொல்லுகிறார்களே, அந்த நிலையில் பிறந்த பிள்ளைகளைச் சொல்லுகிறேன். பிள்ளைக்குக் காது கேட்கும். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. கண்ணோடு கண் பார்க்காது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும், பொருள்களை வரிசையாக அடுக்கும், கையை உதறும். கொட்டுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும். இதெல்லாம் எல்லாப் பிள்ளையிடமும் ஒரே மாதிரி இருக்காது. உலகத்தில் உத்தேசமாக நூறு பேருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார்கள் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி, வாயால் பேசிப் பிழைக்கிற அளவுக்குப் பேச்சு வராமலே வளருகிறார்கள்.

நம் சர்க்கார் காகிதங்களில் இவர்களுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? "புற உலகச் சிந்தனையற்றோர்" என்று! பிள்ளை சிந்திக்கவில்லை என்பதை யார் அதன் தலைக்குள் புகுந்து பார்த்தார்கள் என்று கேட்கிறேன். அதன் சிந்தனையை வெளியே எடுத்துச் சொல்ல வழி கிடைக்கவில்லை என்பதுதானே நமக்குத் தெரிந்த சங்கதி? வாய் திறக்காதவனுக்குள்ளே ஒன்றும் இல்லை என்று தீர்மானம் செய்துவிடுவது எவ்வளவு சௌகரியமான காரியம்! அப்புறம் அவனைக் கேட்க வேண்டியதில்லை, அவனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, அடித்தாலும் அவன் யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை.

சரி, இப்படி ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? முதலில் வசம்பை உரசி நாக்கில் தடவுகிறோம். பிறகு மந்திரிக்கிறோம். பிறகு சோதிடனிடம் போய்த் தோஷம் பார்க்கிறோம். பிறகு கோயில் கோயிலாக நேர்ந்துகொள்ளுகிறோம். எதுவும் பலிக்காவிட்டால், தாயின் பூர்வ ஜென்ம பாவம் என்று முடிவு கட்டி, மாமியாரும் நாத்தியும் அவளைப் பேசுகிறோம். பிள்ளைக்குப் பேச்சு வராததற்குத் தாய் ஏச்சு வாங்க வேண்டுமாம்!

இதில் வெள்ளைக்காரனும் நமக்கு இளைத்தவனல்ல. 1943-இல் டாக்டர் லியோ கானர் என்பவர் அமெரிக்காவில் 11 பிள்ளைகளைக் கவனித்து இந்த நிலைமையை விவரித்து எழுதினார். அந்த 11 பேரில் 3 பேர் பேசவில்லை. அதற்குப் பிறகு அங்கே சில படித்த மேதாவிகள், தாய் அன்பில்லாமல் ஐஸ் பெட்டி மாதிரி இருப்பதால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்று சொல்லி, இருபது வருஷ காலம் தாய்மார்களைக் கொன்று தின்றார்கள். 1964-இல் பெர்னார்டு ரிம்லாண்டு என்னும் மனோதத்துவ நிபுணர், தாமும் அப்படிப்பட்ட ஒரு பிள்ளையின் தகப்பனார், இது பிறவியிலேயே மூளை அமைப்பில் வருகிற வித்தியாசம் என்று ஆதாரத்தோடு புத்தகம் எழுதிய பிறகே அந்தப் புரட்டு ஆட்டங்காண ஆரம்பித்தது. நம்மூரில் கர்மவினை என்றான். அங்கே தாயின் மனக் குளிர்ச்சி என்றான். வார்த்தைதான் வேறே தவிர, பழி போய் விழுந்த தலை ஒன்றுதான்.

நிற்க. திருச்செந்தூர்க் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரையில் பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்ப் போட்ட பிறகு முருகன் அருளால் வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவே பாடிவிட்டார் என்றும் புராணிகர்கள் சொல்லுகிறார்கள். இந்த ஒரு கதையை நம்பி எத்தனை பெற்றோர்கள் தங்கள் பிள்ளைக்கு ஐந்து வயது ஆகட்டும், ஐந்து வயது ஆகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஐந்து வயதில் பேசுவது அதிசயமா? அமெரிக்காவில் நாலு வயதில் பேச்சு மிகவும் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசப் பிள்ளைகளின் கணக்கை எடுத்து 2013-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 70 பேர் பிற்பாடு இரண்டு மூன்று சொற்களைச் சேர்த்துப் பேசும் அளவுக்கு வந்தார்கள். 100-க்கு 47 பேர் சரளமாகவே பேசினார்கள். அவர்களுடைய பெற்றோர்களில் எத்தனை பேர் திருச்செந்தூர் பார்த்திருப்பார்கள்? தாமதித்து வருகிற பேச்சு எந்தச் சாமியையும் கேட்காமல் வருகிறது. வராத பாக்கி 30 பேருக்கு என்ன வழி என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. அந்த 30 பேரைப் பற்றிப் புராணம் எதுவும் பாடப்படவில்லை.

வருகிற பிள்ளைக்கும் காத்திருப்பதில் நஷ்டம் உண்டு. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் ஒரு பிள்ளை தாகத்தையும், காது வலியையும், பயத்தையும் சொல்ல முடியாமல் கிடந்தால் அது என்ன செய்யும்? கத்தும், கடிக்கும், தலையைச் சுவரில் முட்டும். "பிடிவாதம்", "பேய்க் குணம்" என்று நாம் அடிப்போம். பல் வலிக்காக அலறிய பிள்ளைக்கு விபூதி போட்ட வீடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லையென்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

இனிக் கருவிக்கு வருகிறேன். இது மலையைப் புரட்டுகிற சங்கதி அல்ல. முதல் படி வெறும் படங்கள். 1985-இல் அமெரிக்காவில் டெலாவேர் மாகாணத்தில் ஆண்டி பாண்டி, லோரி பிராஸ்ட் என்ற இருவர் படம் கொடுத்துப் பொருள் வாங்கும் முறையை ஏற்படுத்தினார்கள். பிள்ளை தண்ணீர்ப் படத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் உடனே தண்ணீர் கொடுப்பது, அவ்வளவுதான். அடுத்த படி பேசும் கருவி. ஒரு பலகையில் படங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தைத் தொட்டால் கருவி அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும். இரண்டு மூன்று கட்டங்களைத் தொட்டால் வாக்கியமாகச் சொல்லும்.

இதிலே நமக்குப் பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கிறது. சென்னைக் கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் என்ற நிலையம் 1985 முதல் உடற்குறை, மூளைக்குறையுள்ள பிள்ளைகளுக்காக நடந்து வருகிறது. அங்கே பேச முடியாத பிள்ளைகளோடு பழகி, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த தோழர் அஜித் நாராயணன் "ஆவாஸ்" என்ற கருவியைச் செய்தார். ஆவாஸ் என்றால் இந்தியில் குரல் என்று அர்த்தம். அதற்கு முன்பு இம்மாதிரிக் கருவி வேண்டுமானால் சீமையிலிருந்து இலட்சக்கணக்கில் கொடுத்துத் தருவிக்க வேண்டும்; வந்தாலும் அது இங்கிலீஷ்தான் பேசும். 2011-இல் அமெரிக்க எம்.ஐ.டி.யின் பத்திரிகை, உலகத்தில் 35 வயதுக்கு உட்பட்ட புது ஆராய்ச்சியாளர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. ஆவாஸ் ஆதியில் கை கால் வசமில்லாத பிள்ளைகளுக்காகத் தனிப் பெட்டியாகச் செய்யப்பட்டது. பிற்பாடு ஆட்டிசப் பிள்ளைகளுக்கும் மிகவும் உபயோகமென்று கண்டு, டேப்லெட்டில் ஓடும் செயலியாக மாறி, இப்போது தமிழும் பேசுகிறது. பம்பாய் ஐ.ஐ.டி.யார் "ஜெல்லோ" என்று ஒன்று செய்து இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

வாயால் வராதது விரலால் எப்படி வரும் என்று கேட்பீர்கள். ஒரு சொல்லைச் சொல்ல உதடு, நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் ஒரு நொடியில் ஒன்றுகூடி வேலை செய்ய வேண்டும். சில பிள்ளைகளுக்கு அந்தக் கூட்டு வேலை வசப்படுவதில்லை. விரலால் தொடுவது ஒரே காரியம். அன்றியும் காதில் விழுந்த சொல் காற்றோடு போய்விடுகிறது. படம் கண் முன்னால் நிற்கிறது. பிள்ளை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் அது ஓடிப்போவதில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை, 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். வருண ஜெபம் செய்து திருப்பவில்லை. தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, வழிதான் இல்லை. இன்றைக்குக் கூடலூரிலும் கம்பத்திலும் நெல் விளைகிறது. குடைந்து வந்த தண்ணீர் மட்டம் என்று யாராவது சொல்லுகிறோமா?

ஸ்டீபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானி 1985-இல் தொண்டையில் சஸ்திர சிகிச்சை செய்யப்பட்டுக் குரலை இழந்தார். பின்பு 2018-இல் இறக்கும் வரையில் இயந்திரக் குரலில்தான் பேசினார். அவருடைய வியாதி வேறு. ஆனால் முப்பது வருஷம் உலகமே காது கொடுத்துக் கேட்டது. அது இயந்திரம் பேசுகிறது, ஹாக்கிங் பேசவில்லை என்று எவனும் சொல்லவில்லை. ஒரு பெரிய மனிதனுக்குக் கொடுத்த மரியாதையை மூன்று வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

பெற்றோருக்கு ஒரு பயம் இருக்கிறது. படித்தவர்களுக்கும் இருக்கிறது. கருவியைக் கொடுத்துவிட்டால் பிள்ளை சோம்பேறியாகி வாய் திறக்கவே திறக்காது என்கிறார்கள். நியாயமான பயந்தான், ஆகையால் சோதித்துப் பார்த்தார்கள். 2006-இல் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் ஒன்றுதிரட்டி, பழுதில்லாத முறையில் நடந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பார்த்ததில் 27 பேருடைய கணக்குத் தேறியது. 100-க்கு 89 பேருக்குப் பேச்சு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு முன்னிருந்தபடியே இருந்தது. குறைந்தவர் ஒருவர்கூட இல்லை. 2014-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், அரைகுறையாகப் பேசும் 5 முதல் 8 வயது வரையுள்ள 61 பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுத்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் பேசும் கருவியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கருவி பெற்ற பிள்ளைகளே தாமாக அதிகம் பேச முன்வந்தார்கள். கைத்தடி கொடுத்தால் கால் போய்விடும் என்பது போன்றதே இந்தப் பயம். எல்லாப் பிள்ளைக்கும் கருவியால் வாய்ப்பேச்சு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொல்லிப் பணம் கேட்டால், அவனைச் சாமியாரோடு சேர்த்து வையுங்கள்.

கருவியை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "பேசு, பேசு" என்றால் பேசாது. கைப்பிள்ளைக்கு நாம் ஒரு வருஷம் பேசிக் காட்டிய பிறகுதான் அது ஒரு சொல் சொல்லுகிறது. அதுபோலவே கருவியிலும் பெரியவர்கள் முதலில் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்ட வேண்டும். சோறு போடும்போது "சோறு", "இன்னும்", "போதும்". வெளியே போகும்போது "வா", "போகலாம்". மாதக்கணக்கில் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். அதற்காகச் சலித்துக்கொள்ளக் கூடாது. படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றவும் கூடாது. இருட்டில் சுவிட்சைத் தேடும் கைபோல, விரல் இடத்தைப் பழகிக்கொள்ளுகிறது. முக்கியமாக ஒன்று: அந்தக் கருவியில் சினிமாவும் விளையாட்டும் போட்டுக் கொடுக்கக் கூடாது. பொழுதுபோக்குக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று பிரித்து வைக்க வேண்டும். பிள்ளை குறும்பு செய்தால் தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பேசுகிற பிள்ளையின் வாயைத் துணியால் கட்டி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சொற்களும் நம் வீட்டுச் சொற்களாக இருக்க வேண்டும். கடையில் வருகிற படத்தில் ஆப்பிளும், ரொட்டியும், பனிமனிதனும் இருக்கிறார்கள். சின்னமனூர்ப் பிள்ளைக்குப் பனிமனிதன் எதற்கு? கஞ்சி வேண்டும், வெஞ்சனம் வேண்டும், திராட்சை வேண்டும், பருத்திப்பால் வேண்டும். "பாட்டி" என்று ஒரு படம் போட்டால் போதாது; அப்பத்தா வேறு, அம்மாச்சி வேறு. அவரவர் போட்டோவையே போட்டு, வீட்டுக் குரலிலேயே பதிந்துவிடலாம். நம் வீட்டில் யாரும் "எனக்குத் தண்ணீர் அருந்த வேண்டும்" என்று கேட்பதில்லை. "தண்ணி" என்றுதான் கேட்கிறோம். கருவியும் அப்படியே கேட்கட்டுமே!

ஆனால் தோழர்களே! எல்லாச் சொல்லுக்கும் முந்திய சொல் ஒன்று உண்டு. அது "வேண்டாம்" என்பது. நான் பார்த்த பல படப் பலகைகளில் "பிஸ்கட் வேண்டும்", "பால் வேண்டும்", "ஊஞ்சல் வேண்டும்" என்று இருக்கிறதே தவிர, "வேண்டாம்" என்ற கட்டம் இல்லை. கேட்க மட்டும் தெரிந்து மறுக்கத் தெரியாதவனுக்கு நாம் கொடுத்தது குரலா, திருவோடா? "வேண்டாம்", "நிறுத்து", "வலிக்குது", "பிடிக்கலை", "தொடாதே" இந்த ஐந்தும் முதல் நாளே பலகையில் இருக்க வேண்டும். ஊட்டுகிற சோற்றை வேண்டாமென்று பிள்ளை தொட்டுக் காட்டினால், நாம் கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தக் கட்டம் பொய்யென்று அதற்குத் தெரிந்துவிடும். கெட்ட நோக்கத்தோடு தொடுகிறவன் எப்போதும் வாய் பேசாத பிள்ளையைத்தான் தேடுகிறான் என்பதைத் தாய்மார்கள் மறக்கக் கூடாது. ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இது பொது.

இனி, இந்தத் துறையிலேயே நடக்கிற பித்தலாட்டம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பகுத்தறிவு பேசுவதில் அர்த்தமில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுத்துப் பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தொடவைத்து, பிள்ளையே வாக்கியம் வாக்கியமாக எழுதுகிறது என்று சொல்லும் முறை ஒன்று ஆஸ்திரேலியாவில் ஆரம்பித்து, 1990-ஐ ஒட்டி அமெரிக்காவில் காட்டுத் தீப்போலப் பரவிற்று. பேசாத பிள்ளை கவிதை எழுதுகிறது என்று பெற்றோர் கண்ணீர் விட்டார்கள். நியூயார்க் மாகாணத்தில் ஒரு நிலையத்தார் 12 பேரை வைத்துச் சோதித்து 1993-இல் வெளியிட்டார்கள். சோதனை வெகு சுலபமானது. நடுவே தடுப்பு வைத்து, பேச முடியாதவருக்கு ஒரு படமும், கை பிடிக்கிறவருக்கு வேறு படமும் காட்டினார்கள். ஒரு தடவையாவது பேச முடியாதவர் பார்த்த படத்தின் பெயர் சரியாக வரவில்லை. கை பிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே வந்தது! அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. தம் கைதான் எழுதுகிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. சாமியாடி குறி சொல்லும்போது பேசுவது சாமி என்று ஆடுகிறவனே நம்புவதில்லையா, அதுபோல. 2018-இல் அமெரிக்கப் பேச்சு, செவித் துறையாரின் சங்கம் இந்த முறையை உபயோகிக்கவே கூடாது என்று மறுபடியும் சொல்லியிருக்கிறது. பலகையைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தூண்டித் தூண்டி எழுத வைக்கும் இன்னொரு முறையையும் சேர்த்தே கண்டித்திருக்கிறது.

ஆகவே பிள்ளையின் விரல் தானாகப் போக வேண்டும். தாய் பாராத ஒரு பொருளை மற்றொருவர் பிள்ளைக்குக் காட்டி, அது தானாகத் தொட்டுச் சொல்லுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒரே ஒரு சொல்லாக இருந்தாலும், பிள்ளையின் சொல்லாக இருக்க வேண்டும். ஸ்டெம் செல் ஊசி போட்டு ஆட்டிசத்தைப் போக்குகிறோம் என்று இலட்சம் இலட்சமாக வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022-லேயே சொல்லியாகிவிட்டது. வெள்ளை அங்கி போட்டுக்கொண்டவனுக்கும் காவி கட்டியவனுக்கும் ஒரே கேள்விதான்: சோதித்துக் காட்டினாயா?

சட்டம் நமக்கு அனுகூலமாகத்தான் இருக்கிறது. 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டமே, கருத்துத் தொடர்பு என்றால் வாய்ப்பேச்சு மட்டுமல்ல, சைகையும், படமும், பேச்சுக்குப் பதிலாக உள்ள மற்ற வழிகளும் சேர்ந்ததே என்று விளக்கம் கூறுகிறது. ஆகவே பள்ளிக்கூடத்தில் பலகையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று யாராவது சொன்னால், பேசுகிற பிள்ளைகளை வாயை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று நீங்கள் பதில் சொல்லலாம். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். பிறகு டாக்டர் சான்று, அடையாள அட்டை. இவற்றுக்குத் தேனியில் கலெக்டர் ஆபீசிலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

சட்டத்தில் எழுதியிருப்பதற்கும் நம் வீட்டு நிலைமைக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியாமலில்லை. விடியுமுன் போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும் ஜீப் ஏறி, ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலை மேலே போய், பொழுது சாய்ந்து திரும்பும் தாய் எந்நேரம் பிள்ளையோடு உட்கார்ந்து படம் தொட்டுக் காட்டுவாள்? பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது அப்பத்தாதான். ஆகையால் கருவி கற்க வேண்டியவளும் அப்பத்தாதான். அவளுக்கு எழுத்துத் தெரியாதே என்பீர்கள். படத்துக்கு எழுத்து எதற்கு? தகப்பன்மாரும் சாயங்காலம் டீக்கடையில் அரசியல் பேசுகிற நேரத்தில் கால்வாசியை இதற்குக் கொடுத்தால் குடி முழுகிப் போகாது.

இரண்டு தோழர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். முதல் சீட்டு: "கருவியும் கொடுத்து, கோயிலுக்கும் நேர்ந்துகொண்டால் என்ன கெடுதி?" கெடுதி இதுதான் ஐயா. நாளைக்குப் பிள்ளை ஒரு சொல் சொன்னால், ஆறு மாதம் உட்கார்ந்து தொட்டுக் காட்டிய அப்பத்தாவின் உழைப்பு மறந்துபோகும். உண்டியலுக்குப் பேர் கிடைக்கும். பக்கத்து வீட்டில் அதே மாதிரிப் பிள்ளை வைத்திருப்பவள் அப்பத்தாவிடம் வந்து கேட்கமாட்டாள், உண்டியலுக்குத்தான் போவாள்.

இரண்டாவது சீட்டு: "செல்போன் வாங்க வசதியில்லை, வாங்கினாலும் கரண்டு போனால், சார்ஜ் தீர்ந்தால் என்ன செய்வது?" நல்ல கேள்வி. கருவி இருக்கிற வீட்டிலும் அதன் படங்களை அப்படியே காகிதத்தில் அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி வைக்க வேண்டும். கருவியே இல்லாதவர்கள் காலண்டர் அட்டையை வெட்டி, ஒரு பக்கம் சோறு, தண்ணீர், அம்மா, வெளிக்குப் போக வேண்டும் என்று படம் ஒட்டுங்கள். மறுபக்கம் வலிக்குது, போதும், வேண்டாம். ஓட்டை போட்டுக் கயிற்றில் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டிவிடுங்கள். கூட்டம் முடிந்ததும் இந்த மேடைக்குப் பக்கத்தில் இருபது அட்டை வெட்டி வைத்திருக்கிறோம். வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு போகலாம். படம் மட்டும் உங்கள் வீட்டுச் சட்டி, உங்கள் வீட்டுச் செம்பாக நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.